பால்சா கட்டையும் புஷ்பக விமானமும்

ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் தெப்பம். தென்னமெரிக்காவின் ஈக்வடார் கரையில் அந்த ஊர்க்காரர்கள் லேசான கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, பாய் விரித்து, கடலுக்குப் போனதை ஸ்பானியர்கள் பார்த்தார்கள். அந்தக் கட்டைக்கே தெப்பம்னு பேர் வச்சிட்டாங்க. நம்ம குளச்சல், முட்டம், கன்னியாகுமரி கடற்கரையிலயும் அதே வேலைதான். லேசான மரமா பார்த்து, செதுக்கி, கயிறு போட்டுக் கட்டினா கட்டுமரம். அங்க தெப்பத்தோட பேரை மரத்துக்குக் குடுத்தாங்க, இங்க மரத்தோட பேரைத் தெப்பத்துக்குக் குடுத்தோம். அவ்வளவுதான் வித்தியாசம் பாத்துக்கிடுங்க.

1947-ல் தோர் ஹெயர்டால்னு ஒரு நார்வேக்காரர் ஒன்பது பால்சா தடிகளைக் கட்டி, அதுக்கு கோன்-டிக்கின்னு பேர் வச்சு, பெருவில் இருந்து கிளம்பி 101 நாள் பசிபிக்கில் மிதந்து பாலினேசியத் தீவு ஒண்ணுல போய் முட்டினார். அது தனிக்கதை. இந்தப் பதிவு கடலைப் பத்தி இல்லை, ஆகாயத்தைப் பத்தி. பால்சா கட்டையில் இறக்கை செஞ்சு, அதை ராக்கெட்டில் மேலே அனுப்பி, பருந்து மாதிரி வட்டமடிச்சு இறங்க வைக்கிற ஒரு விளையாட்டு இருக்கு. அதே வித்தையை இஸ்ரோ 1.75 டன் எடையில் செஞ்சு காட்டியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நம்ம நாஞ்சில் நாடு எங்க வருதுங்கிறதுதான் விஷயம்.

முதல்ல மரம். பால்சா ரொம்ப வேகமா வளரும் மரம், ஆறேழு வருஷத்துலயே வெட்டிரலாம். உயிரோட இருக்கும்போது அதோட செல்லுக்குள்ள எல்லாம் தண்ணி. வெட்டிச் சூளையில காயவச்சா தண்ணி போயிடும், மெல்லிசான சுவரும் உள்ளே காத்தும்தான் மிச்சம். ஆனா எல்லா பால்சாவும் ஒண்ணு இல்லை. 3 மில்லிமீட்டர் கனம், 75 மில்லிமீட்டர் அகலம், 900 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கிடுங்க. நல்ல போட்டித் தரத்துல இருந்தா 20 கிராம். அதே அளவுல, அதே நிறத்துல, பக்கத்துல கிடக்கிற இன்னொரு பலகை 40 கிராம் இருக்கும். கண்ணால பார்த்தா தெரியாது. அதனால போட்டிக்குச் செய்யிறவங்க கடைக்குத் தராசோட போவாங்க. கருவாட்டுக்கடையில கூட இவ்வளவு நிறுத்துப் பார்த்து யாரும் வாங்க மாட்டாங்க :-)

எடையோட வேலை முடியலை. பலகையை மரத்துல எந்தக் கோணத்துல அறுத்தாங்கன்னு பார்க்கணும். ஒரு மாதிரி அறுத்தது துணி மாதிரி வளையும், குழாய் சுத்த உதவும். இன்னொரு மாதிரி அறுத்ததில் மீன் செதில் போல மினுமினுப்பான புள்ளி தெரியும், வளைக்கப் பார்த்தா வளையாது, விண்ணுன்னு நிக்கும். இறக்கைக்கு அதுதான். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்... தேய்... தேய். முன் விளிம்பு உருண்டையாவும் பின் விளிம்பு பிளேடு மாதிரியும் வரணும். பசை ஒரு சொட்டு அதிகமானாலும் அது எடைதான். வால் பக்கம் ஒரு கிராம் கூடினா, அதைச் சமன் செய்ய மூக்குல ரெண்டு மூணு கிராம் வைக்க வேண்டி வரும். மூக்கு பக்கத்துல இருக்கு, வால் தூரத்துல இருக்கு, ஏத்தமரத் தத்துவம்தான். ஆசாரிமார் கிட்ட சொன்னா சிரிப்பாங்க, அவங்களுக்கு இது பால்பாடம்.

இப்ப சிக்கலுக்கு வருவோம். ராக்கெட்டும் கிளைடரும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதவை. ராக்கெட் நேரா மேல போகணும், எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது. கிளைடருக்கோ மூக்கை லேசா தூக்கிப் பிடிக்கிற குணம் வேணும். அந்தக் குணம் இல்லைன்னா அது கிளைடர் இல்லை, எறிஞ்ச கல்லு. பிரச்சினை என்னன்னா, இறக்கை தர்ற தூக்குவிசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். இறங்கும்போது நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல மிதக்கிற 15 கிராம் கிளைடர், ஏறும்போது நொடிக்கு 50 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சுக்கிடுங்க. வேகம் பத்து மடங்கு, தூக்குவிசை நூறு மடங்கு. 15 கிராமைத் தாங்க வேண்டிய இறக்கையில ஒன்றரைக் கிலோ வந்து உக்காரும். ஒண்ணு இறக்கை முறியும், இல்லைன்னா கோலம் போடுற மாதிரி ஆகாயத்துல ஒரு சுழி சுழிச்சிட்டு, எஞ்சின் எரிஞ்சுகிட்டிருக்கும்போதே தரையில வந்து குத்தும்.

எஞ்சினும் சும்மா இல்லை. போட்டியில பரவலா இருக்கிற ‘ஏ’ வகை மோட்டாரோட மொத்த உந்தம் 2.5 நியூட்டன்-செகண்ட். ஒரு கிலோ எடையைக் கால் நொடி தாங்கிப் பிடிக்கிறதுக்குச் சமம், பெருசா ஒண்ணும் இல்லை. ஆனா கிளைடர், மோட்டார் எல்லாம் சேர்த்து 30 கிராம்தான்னா, காத்தே இல்லாத உலகத்துல அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். காத்துத்தடை அதை நிறையக் குறைச்சிரும், இருந்தாலும் அந்தச் சின்ன மரத்துண்டுக்கு அது பேய் வேகம்.

ஆளுள்ள கிளைடரில் இந்த வம்பை முதல்ல விலைக்கு வாங்கினது ஜெர்மன்காரங்க. 1928 ஜூன் 11-ல் வாஸர்குப்பே மலையில அலெக்ஸாண்டர் லிப்பிஷ் வடிவமைச்ச ‘என்டே’ (வாத்துன்னு அர்த்தம்) கிளைடரில் கறுப்பு வெடிமருந்து ராக்கெட்டுகளைக் கட்டி ஃப்ரிட்ஸ் ஸ்டாமர் பறந்தார். ஒன்றரை கிலோமீட்டர் போயிட்டு பத்திரமா இறங்கினார். மறுபடி போகும்போது ஒரு ராக்கெட் வெடிச்சு இறக்கையில தீப்பிடிச்சது. கிளைடர் போச்சு, மனுஷன் தப்பிச்சார்.

சின்ன அளவுல இந்த விளையாட்டு வந்தது அமெரிக்காவுல. நெப்ராஸ்காவுல செருப்புக்கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல் 1954-ல் காகிதக்குழாயும் பால்சா வாலும் வச்சு, பாராசூட்டில் இறங்குற ஒரு குட்டி ராக்கெட் செஞ்சார். 1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும் பையன்கள் எல்லாம் இரும்புக்குழாயில மருந்து அடைச்சு விரலையும் கண்ணையும் இழந்துகிட்டிருந்த காலம். ஏவுகணைத் தளத்துல வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், கார்லைலோட சேர்ந்து ‘மருந்தைத் தொழிற்சாலை அடைக்கட்டும், பையன் மரத்தைச் செதுக்கட்டும்’ என்கிற வழியைக் கொண்டுவந்தார். அடுத்து டென்வரில் வெர்ன் எஸ்டெஸ். இவர் வாணவேடிக்கை செய்யிற குடும்பம். ஒரே மாதிரியான மோட்டாரை வரிசையா அடிச்சுத் தள்ளுற மெஷின் ஒண்ணைத் தானே செஞ்சு அதுக்கு மேபல்னு பேரும் வச்சார். வாணக்காரர் வீட்டுப் பையன்கிறதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கிடுங்க, பின்னால தேவைப்படும்.

1961 வாக்கில் ஜான் ஷூட்ஸும் எஸ்டெஸும் ராக்கெட்டா ஏறி கிளைடரா இறங்குற மாடலைச் செஞ்சு காட்டினாங்க. எஸ்டெஸோட ஸ்பேஸ் பிளேனில் தந்திரம் ரொம்ப எளிசு. மோட்டார் உள்ள இருக்கும்வரை இறக்கையோட பின்மடிப்பை அது அழுத்தித் தட்டையா வச்சிருக்கும். உச்சியில மோட்டார் வெளியே தள்ளப்பட்டதும் மடிப்பு மேல எழும்பும், கிளைடர் மூக்கைத் தூக்கும். புரோகிராம் எழுதுறவனுக்கு இதைப் பார்த்தா ஒரே சந்தோஷம். ஒரு இஃப் கண்டிஷனைக் கட்டையிலயும் கம்பியிலயும் எழுதியிருக்காங்க. 1963-ல் லாரி ரெங்கர் இன்னும் அழகா ஒண்ணு செஞ்சார். மோட்டாரை மூக்குக்கு முன்னால ஒரு தனிக் கூட்டில் வச்சார். ஏறும்போது கனம் முன்னால, அம்பு மாதிரி நேரா போகும். உச்சியில கூடு கழண்டு தனியா விழும். கனம் பின்னால நகர்ந்துரும், கிளைடர் தானா மிதக்க ஆரம்பிக்கும். ஒரு பாகத்தைக் கழட்டிவிட்டதால மட்டும் ராக்கெட் விமானமா மாறிருது. அப்புறம் ‘எதையும் கழட்டிவிடக் கூடாது, போன சாமான் முழுசா திரும்பி வரணும்’னு ஒரு கடினமான பிரிவும் வந்தது. அதுல மோட்டாரே நழுவிப் பின்னால போகும், இல்லை இறக்கையே விரியும். 1972-ல் யுகோஸ்லாவியாவின் வர்ஷாட்ஸ் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது.

இதெல்லாம் பொடிப்பசங்க சமாசாரம்னு நினைச்சிராதீங்க. நாசா ஸ்பேஸ் ஷட்டிலை எப்படி ஊர் ஊரா தூக்கிட்டுப் போறதுன்னு முழிச்சப்போ, அங்க வேலை பார்த்த ஜான் கைக்கர், போயிங் 747 முதுகுல ஷட்டிலை ஏத்துன மாதிரி நாற்பதில் ஒரு பங்கு அளவுல ரேடியோ மாடல் செஞ்சு, பறக்கவிட்டுக் காட்டினார். மனுஷன் மாடல் விமானப் பைத்தியம். 1977 ஆகஸ்ட் 12-ல் நிஜ ஷட்டில் நிஜ 747 முதுகுல இருந்து பிரிஞ்சு தரையிறங்கிச்சு.

நிற்க. இனி நம்ம ஊர்.

1956 நவம்பர் 1 வரைக்கும் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் பக்கம். எல்லை மாறி ஏழு வருஷம் கழிச்சு, 1963 நவம்பர் 21 சாயங்காலம், திருவனந்தபுரத்தை ஒட்டின தும்பா கடற்கரையில் இருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பிச்சு. பூமியோட காந்த நடுக்கோடு அந்த வழியா போகுதுங்கிறதால விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்த இடம். மேரி மக்தலேனா கோயிலும் மீனவர் குடியிருப்பும் இருந்த மணல். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா சபையைக் கேட்டு இடத்தைக் குடுத்தார், கோயில்தான் முதல் பட்டறை. அந்த ராக்கெட் மேல போய் சோடியம் ஆவியைத் தூவ, அந்திவானத்துல ஆரஞ்சு நிற மேகம் எழும்பிச்சு. நூறு கிலோமீட்டருக்கு மேல உள்ள சமாசாரம், அன்னிக்கு மேகமூட்டம் இல்லாம இருந்திருந்தா நாகர்கோவில் மொட்டைமாடியில் இருந்தே தெரிஞ்சிருக்கும். அந்த மணலும் கட்டுமரம் இழுத்து ஏத்துற மணல்தான் என்பதைக் கவனிச்சீங்களா?

அதுக்குப் பிறகு நம்ம மாவட்டத்தைச் சுத்தி ராக்கெட்தான். வடமேற்கே தும்பா, வலியமலை. ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி காவல்கிணறு பக்கம் போனா மகேந்திரகிரி, திரவ எஞ்சின்களை எரிச்சுப் பார்க்கிற இடம். கிழக்கே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாச்சு. நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன், மேலகாட்டுவிளைக்காரர் வி. நாராயணன்னு ரெண்டு பேர் இஸ்ரோ தலைவர் ஆனாங்க. முன்னவர் 2018-ல், பின்னவர் 2025 ஜனவரியில்.

சிவனைப் பத்தி எல்லாரும் விவசாயி மகன், தமிழ் மீடியம், இந்துக் கல்லூரின்னு எழுதுவாங்க. எனக்குப் பிடிச்சது வேற. அவர் அடிப்படையில ஒரு சிமுலேஷன் ஆளு. ராக்கெட் எந்தப் பாதையில போகும், எப்படி உருளும், எப்படித் திரும்பும்னு ஆறு வகை அசைவையும் கணக்குப் போடுற சித்தாரா என்ற மென்பொருளின் முக்கியச் சிற்பி அவர். நம்மள மாதிரி பொட்டி தட்டினவர்தான், என்ன, நம்ம கோட் தப்பா ஓடினா பக்கம் திறக்காது, அவர் கோட் தப்பா ஓடினா ராக்கெட் கடல்ல.

2016 மே 23, காலை ஏழு மணி. சிவன் அப்போ விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஆர்எல்வி-டிடி கிளம்பிச்சு. ஆறரை மீட்டர் நீளத்துல முக்கோண இறக்கையும் ரெட்டை வாலும் உள்ள ஒரு விமானம், ஒன்பது டன் திட எரிபொருள் ராக்கெட்டின் தலையில உக்காந்திருந்தது. மேல சொன்ன 15 கிராம் கிளைடரோட தலைவலி அத்தனையும் இதுக்கும் உண்டு. சொல்லப்போனா இன்னும் மோசம். இறக்கை ராக்கெட்டோட தலையில இருக்கு. அம்புக்கு இறகை நுனியில ஒட்டி எய்தா எப்படி இருக்கும்? அதைச் சரிக்கட்ட அடியில பெரிய துடுப்புகள். தாழ்வான, அடர்த்தியான காத்துல வேகம் கூடினா இறக்கை மேல சுமை ஏறும். அதனால மெதுவா எரியிற மாதிரி அந்த மோட்டாரைத் தனியா செஞ்சாங்க. 91 நொடி எரிஞ்சு, 56 கிலோமீட்டர் உயரத்துல மோட்டார் கழண்டது. லாரி ரெங்கரோட மூக்குக் கூடு கழண்ட மாதிரியேதான். விமானம் இன்னும் ஏறி 65 கிலோமீட்டரைத் தொட்டு, ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, தானே தன்னை ஓட்டிக்கிட்டு 450 கிலோமீட்டர் தள்ளி வங்கக்கடல்ல குறிச்ச இடத்துல இறங்கிச்சு. மொத்தம் 770 நொடி. மிதக்கிறதுக்காகச் செய்யாத சாமான் என்பதால் மீட்கப்படலை.

இறங்குறது தனிப் பாடம். 2023 ஏப்ரல் 2-ல் கர்நாடகாவில் சித்ரதுர்கா சோதனைத் தளத்தில், சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டாங்க. ஆள் இல்லாம தானா ஓடுபாதையில இறங்கிச்சு. 2024 மார்ச் 22-ல் வேணும்னே 150 மீட்டர் பக்கவாட்டுல தள்ளி விட்டாங்க, ஜூன் 23-ல் 500 மீட்டர் தள்ளி. ரெண்டு தடவையும் தானா திரும்பி கோட்டுக்கு வந்துது. அதுக்குள்ள புஷ்பக்னு பேர் வந்தாச்சு. தரையைத் தொடும்போது மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல. பயணிகள் விமானம் 260-ல் இறங்கும், போர் விமானம் 280-ல். ஏன் இவ்வளவு வேகம்னா, குட்டை இறக்கைக்குத் தூக்கு கம்மி. பெரிய இறக்கை வச்சா மேல போகும்போது சுமை, திரும்பி வரும்போது சூடு. ஷட்டிலை விமானிகள் பறக்கும் செங்கல்னு சொன்னது சும்மா இல்லை. பால்சாக்காரனுக்கு அந்தக் கவலையே கிடையாது. அவன் எவ்வளவு நேரம் மேல நிக்குதுன்னு மட்டும் பார்த்தா போதும்.

எல்லாம் சரி, நாகர்கோவில்ல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பால்சாவில் ராக்கெட் கிளைடர் செய்யணும்னா? பால்சா தபால்ல வரும். பசை, பிளேடு, உப்புத்தாள் இருக்கு. மோட்டார்? அது வெடிபொருள். 1884-ஆம் வருஷ வெடிபொருள் சட்டமும் அதோட விதிகளும் அதைத்தான் சொல்லுது. அமெரிக்காவில் பொம்மைக்கடையில கிடைக்கிற சாமான் இங்க லைசென்ஸ் சமாசாரம். நான் சட்டத்தைத் திட்டலை. கையால மருந்து அடைக்கிறது உயிரோட விளையாட்டுன்னு அமெரிக்கப் பையன்கள் விரலைக் குடுத்துக் கத்துக்கிட்ட பாடம் நமக்கும் பொருந்தும், யாரும் தீபாவளி ராக்கெட்டைப் பிரிச்சு வேலை காட்டிராதீங்க. என் ஆதங்கம் வேற. சிவகாசி நம்ம பக்கத்துலதான் இருக்கு. கறுப்பு மருந்தைக் காகிதக்குழாயில அடைக்கிறதுல அவங்களை மிஞ்ச உலகத்துல எத்தனை பேர் இருக்காங்க? டென்வரில் ஒரு வாணக்காரர் பையன் ஒரே அளவு, ஒரே உந்தம், ஒரே தாமதம்னு மோட்டார் அடிக்க மெஷின் செஞ்சதால அங்க ஒரு தலைமுறையே பால்சா செதுக்கிக் கத்துக்கிச்சு. நம்ம கிட்ட வாணம் இருந்தது, விண்வெளி மையம் இருந்தது, கணக்குத் தெரிஞ்ச பையன்கள் இருந்தாங்க. நடுவுல அந்த ஒரு மெஷினும் அதுக்கு ஒரு தர முத்திரையும் மட்டும் இல்லை. சிவன் மாதிரி ஆட்கள் ராக்கெட்டைத் தொடணும்னா எம்.ஐ.டி, பெங்களூர்னு சுத்தி இஸ்ரோ வாசல் வழியாத்தான் போக வேண்டியிருந்தது. போக முடியாத பையன் எத்தனையோ. 2025-ல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி ராக்கெட் போட்டி நடந்திருக்கு. நல்லது, ஆனா அது பெரிய பிள்ளைகளுக்கு. பன்னெண்டு வயசுப் பையனுக்கு அப்பவும் ஒண்ணுமில்லை.

வேடிக்கை என்னன்னா, பால்சா நம்ம மாவட்டக் காத்துக்கும் சொந்தக்காரன். காற்றாலை இறக்கைகள் பலதுக்குள்ள கண்ணாடியிழை ரெண்டு அடுக்குக்கு நடுவுல வைக்கிறது பால்சாதான். 2020 வாக்கில் காற்றாலைக்கு வந்த கிராக்கியில ஈக்வடார் காட்டுல அனுமதி இல்லாம எல்லாம் வெட்டித் தள்ளினாங்க, விலை எகிறிப் போச்சு, மாடல் செய்யிறவங்களுக்குப் பலகை கிடைக்கலை. முப்பந்தலில் சுத்துற இறக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

ஆடி மாசக் காத்துல முப்பந்தல் பக்கம் போய் கிளைடர் விட்டா அது திருநெல்வேலியில போய்த்தான் இறங்கும். தை, மாசி காலைல, காத்து எழும்புறதுக்கு முன்னால, அறுப்பு முடிஞ்ச வயல்தான் தோது. மோட்டார் இல்லாட்டி என்ன, கையால எறிஞ்சு மூக்குக் கனத்தைச் சரி பார்க்கலாம், பாதி வித்தை அதுலயே இருக்கு. சிவகாசிப் பக்கம் யாராவது முன்னாடி இந்தக் குட்டி மோட்டார் செய்ய முயற்சி பண்ணினது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.